படிக்கோலப் படகு

கோலமாவால் தரையில் ஒரு படகு வரைந்து நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். மயிலாப்பூர் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்து வீடு; அதன் கொல்லையில் துவைக்கிற கல்லிலிருந்து கிணற்றடிவரை நீண்டு கிடந்தது அது. இரண்டு முனையும் கூர்மையாக, நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, மற்ற இடமெல்லாம் இழை இழையாகப் படிக்கோலம். வெள்ளிக்கிழமைகளில் சாமி அறையில் வளைவே இல்லாமல் நேர்க்கோடுகளாக அடுக்கிப் போடுவார்களே, அந்தக் கோலம். சாந்தோமில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண்ணான எனக்கு அதன் பெயரே அன்றைக்குத்தான் தெரியும். வரைந்து முடித்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றவள் எங்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர். "எப்படி இருக்கு, சொல்லுங்கோ" என்றாள். "அழகாத்தான் இருக்கு. எதுக்கு இது?" என்றேன். "எதுக்கா? என் வேலையைக் காப்பாத்தப் போறது இதுதான், டீச்சர்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதாவே, சிரிக்காமல் என்ன செய்வது? வேலை போகப் போகிறது என்று தெரிந்த பெண் மனுப் போடுவாள், பெரிய மனிதர் யார் காலிலாவது விழுவாள். கொல்லையில் உட்கார்ந்து கோலம் போடுவாளா?

சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம் அது. நாங்கள் இருவரும் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் பூகோளம், அவள் டிராயிங். ஏறக்குறைய ஒரே வயது. இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை என்பதால் ஊர் எங்களை ஒரே கண்ணால்தான் பார்த்தது. எங்கள் பள்ளியின் கரஸ்பாண்டெண்ட், ஆறுகளின் குறுக்கே பாலம் கட்டிக் கட்டி ஓய்வு பெற்ற இஞ்சினீயர். கெட்ட மனிதர் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் அது எவ்வளவு பாரம் தாங்கும் என்றுதான் கேட்பார். பள்ளிக்குப் புது பெஞ்சு வந்தால் அதன்மேல் தானே ஏறி ஒரு குதி குதித்துப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளை உட்கார விடுவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் ஆசிரியைகள் கூட்டத்தில், அடுத்த கல்வியாண்டிலிருந்து டிராயிங் கிடையாது, அந்த இரண்டு பீரியடும் தையலுக்குப் போகும் என்றார். "ஒரு பொண்ணு தையல் கத்துக்கிட்டா ரவிக்கையாவது தைப்பா. படம் போட்டு என்ன பண்ணுவா? அலங்காரம் நல்லதுதாம்மா, நான் வேண்டாங்கல. ஆனா அது எதையும் தாங்காது."

டிராயிங் டீச்சரின் முகம் வெளுத்துப்போனது. அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது. அண்ணன் வடக்கே வேலைக்குப் போனவர், சொந்தக் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் அம்மாவும் இவளும்தான். ஆனால் அவளைச் சுட்டது சம்பளம்கூட இல்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். 'எதையும் தாங்காது' என்கிற வார்த்தைதான் சுட்டதாம். கூட்டம் கலைவதற்குள் எழுந்து நின்றாள். "சார், பள்ளிக்கூடத்து எக்ஸிபிஷன் வரைக்கும் டயம் கொடுங்கோ. தாங்கறதா ஒண்ணு பண்ணிக் காட்டறேன்." குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லிவிட்டாள். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "காட்டும்மா. பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றார். அந்த மட்டில் நியாயஸ்தர்.

அவளுடைய தைரியத்துக்குக் காரணம் கொல்லையில் கிடந்தது. ஊருக்குக் கப்பல் ஏறிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், பொழுதுபோக்காகத் தன் கையால் கட்டிக்கொண்டிருந்த பாதிப் படகை இவள் அண்ணனிடம் தள்ளிவிட்டுப் போயிருந்தார். கயாக் என்பார்கள். ஒரே ஆள் உள்ளே காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தட்டை வைத்த ஒற்றைத் துடுப்பால் வலமும் இடமும் மாறி மாறித் தள்ளுகிற ஒல்லிப் படகு. அடிப்பக்கத்தை அவர் முடித்துத் தாரும் பூசியிருந்தார். மேற்பக்கம் முடியவில்லை; வளைந்த குறுக்குச் சட்டங்கள் மட்டும் விலா எலும்புகளாக நின்றன. அண்ணன் ஊரைவிட்டுப் போன பிறகு அம்மா அதில் வறட்டியும் சுள்ளியும் போட்டு வைத்திருந்தார். அந்த விலா எலும்புகளை விரலகல ரீப்பர்களை ஒட்டி ஒட்டி மூட வேண்டும். ரீப்பர் என்றால் உங்களுக்குத் தெரியும், நீளமான மெல்லிய மரத்துண்டு. வேறு வேறு நிறத்து மரமாக எடுத்து அடுக்கினால் கோலம் தானாக வரும், கோலமே படகின் மேல்தளமாகவும் ஆகிவிடும். இதுதான் அவளுடைய யோசனை.

வெள்ளை நிறத்துக்குச் சரக்குப் பெட்டிப் பலகை. கடைத்தெருவில் கேட்டால் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். மஞ்சளுக்குப் பலா. வீணை செய்கிறவர் வீட்டு வாசலில் போய் நின்று, செதுக்கியது போக மிஞ்சிய துண்டங்களைப் புடவைத் தலைப்பில் கட்டி எடுத்து வந்தோம். டிராயிங் டீச்சர் அண்ணனின் இழைப்புளியைப் பிடித்து இழைக்க, நான் மறுமுனையை அமுக்கிப் பிடிப்பேன். ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி, "ஏண்டியம்மா, மரக்கடை வெக்கப் போறியா?" என்றாள். "ஆமா மாமி, முதல் போணி உங்களுதுதான்" என்று நான் பதில் கொடுத்தேன். சுருள் சுருளாகப் பலா மரச் சீவல் எங்கள் தலையிலெல்லாம் உட்கார்ந்திருக்கும். அதோடு பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகள் சிரித்ததும் உண்டு.

பசையில்தான் முதல் சண்டை வந்தது. தச்சர்கள் வஜ்ஜிரம் என்று ஒன்றைக் காய்ச்சி ஒட்டுவார்கள். மாட்டுத் தோலிலிருந்து எடுப்பது. அதன் பெயரைச் சொன்னதுமே அம்மா வாசற்படியில் குறுக்கே நின்றார். "இந்த ஆத்துல அதைக் காய்ச்சினேன்னு வை, நான் இப்பவே கிளம்பிக் காசிக்குப் போயிடுவேன்." மகள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். அம்மா அசையவில்லை. நான் சாந்தோமுக்கு எடுத்துப் போய்க் காய்ச்சித் தருகிறேன் என்றேன், "காய்ச்சினது அங்கன்னாலும் ஒட்டறது இங்கதானே!" என்று அதையும் அடைத்துவிட்டார். இரண்டு நாள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த டிராயிங் டீச்சருக்கு, மூன்றாம் நாள் வீட்டுச் சுவரைத் தடவியபோது புத்தி வேலை செய்தது. கண்ணாடியாக மின்னுகிற பழைய காலத்துச் சுவர் அது. அதன் பூச்சில் சுண்ணாம்போடு தயிரும் சேர்த்து அரைப்பார்கள். மழை எத்தனை அடித்தாலும் கரையாது. சுவரைப் பிடிக்கிறது மரத்தைப் பிடிக்காதா?

வெண்ணெய் எடுத்த பாலைத் திரிய விட்டு, துணியில் வடிகட்டி, கட்டியைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து, நீற்றிய சுண்ணாம்போடு கொல்லை அம்மியில் அரைத்தோம். முதல் தடவை கஞ்சியாக ஓடியது. அடுத்த தடவை அரைத்துக்கொண்டிருக்கும்போதே இறுகி, குழவியும் அம்மியும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, இரண்டு பேரும் இழுத்தும் வரவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எங்களுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்! கல்லையே பிடித்துக்கொள்கிற பசை கிடைத்துவிட்டதே. ஒட்டிய இரண்டு துண்டை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் பள்ளி விட்டதும் ஓடி வந்து முறுக்கிப் பார்த்தோம். மரம் முறிந்தது, ஒட்டு விடவில்லை.

இனி என்ன, கோலம்தான். மரம் தேடப் புறப்படும் முன்பே அவள் அதைத் தரையில் முழு அளவுக்கு வரைந்துவிட்டதை முதலிலேயே சொன்னேன். படகைத் தரையில் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றிலும் மாவால் கோடு இழுத்து, அந்தக் கோட்டுக்குள் இழைகளை நிரப்பியிருந்தாள். மாவு அழிய அழிய மறுபடி இழுத்து, ஒவ்வோர் இழைக்கும் ஒரு ரீப்பர் என்று தரையிலேயே அளந்து, அறுத்து, அடையாளம் போட்டுப் பல வாரம் வேலை. சின்ன வயதிலிருந்து கோலம் போட்ட கை. ஓர் இழைகூடப் பிசகவில்லை. பசை போடுவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வந்ததும், எல்லாவற்றையும் சட்டங்களின்மேல் நடுவிலிருந்து அடுக்கிப் பார்த்தோம். ஓரத்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது: இரண்டு பக்கமும் மரம் போதவில்லை. நடு இடுப்பில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி. முனைகளை நோக்கிப் போகப் போகக் குறைந்து நூலாகியது. தரை தட்டை. படகின் முதுகோ வளைந்தது. வளைவை மூடத் தட்டையைவிட அதிகம் வேண்டும். பூமி உருண்டையைத் தாளில் விரித்தால் கிழியும் என்று ஆரஞ்சுப் பழத்தை உரித்து உரித்து வகுப்பில் காட்டுகிற பூகோள டீச்சர் பக்கத்திலேயே நின்றிருந்தும் இந்தக் கதி! கோலத்தைப் பார்த்த மயக்கத்தில் எங்கள் இருவருக்குமே அது தட்டவில்லை.

அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதே விட்டாள். மறுபடி அறுக்கப் பலா மரம் இல்லை. எக்ஸிபிஷனோ நெருங்கிவிட்டது. "அவர் சொன்னதுதான் சரி, டீச்சர். நான் வெறும் கோலம் போடறவ" என்றாள். அந்த நேரம் பார்த்து அம்மா மடிப்புடவையோடு தண்ணீர் சேந்த வந்தார். படகை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். மகள் அழுவதையே அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. "ஏண்டி, இது என்ன கோலம்? செம்மண் இடாம மொட்டையா விட்டிருக்கே. நல்ல காரியத்துக்குத்தானே பண்றே?" என்று கேட்டார். படிக்கோலம் போட்டால் சுற்றிலும் செம்மண்ணால் சிவப்புக் கரை கட்டியே தீரவேண்டுமாம். இழவு வீட்டில்தான் கரை கிடையாதாம். கொல்லையில் மாதிரிக்கு வரைந்ததால் இவள் அதை விட்டிருக்கிறாள். அழுதவள் விருட்டென்று எழுந்தாள். அந்த இடைவெளி இருந்தது எங்கே? சரியாகச் செம்மண் ஓடவேண்டிய ஓரத்தில்! "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்ச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "தொட்டுட்டியேடி பாவி, மடி போச்சே! திரும்ப ஸ்நானம் பண்ணணுமே!" என்று அம்மா அலற, நான் சிரித்துச் சிரித்துக் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். குளித்துவிட்டு வந்த அம்மாவே, பரணில் கிடந்த உடைந்த கட்டில் சட்டத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். என்ன மரமோ, எனக்குப் பெயர் தெரியாது. ஈரத்துணியால் துடைத்தால் அப்படிச் சிவக்கும். நடுவில் அகன்று முனையில் மெலிகிற இரண்டு சிவப்புக் கரைகளை அதிலிருந்து இழைத்து எடுத்தாள். வெள்ளையும் மஞ்சளுமாக ஓடிய இழைகளை அந்தக் கரை வந்து கட்டியபோதுதான் படகுக்கு உயிர் வந்தது. வார்னிஷ் அடித்ததும் நான் கண்ணை எடுக்கவில்லை. என் தோழி செய்தது என்று பெருமை பிடிபடவில்லை எனக்கு.

துடுப்புப் போடக் கற்றுக்கொண்டது வேறு கதை. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் பட்டினப்பாக்கத்து அம்மாவின் வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அடையாற்று முகத்துவாரத்தில் தன் கட்டுமரத்தில் டிராயிங் டீச்சரை உட்காரவைத்துப் பழக்கினார். "பயந்துக்கினு குந்துனா கவுத்துடும், டீச்சரம்மா. தெகிரியமா குந்துங்க, தண்ணி தானா தூக்கும்." நான் கரையில் நின்று ஜெபமாலையை உருட்டியதில் மணி தேய்ந்திருக்கும். எக்ஸிபிஷன் அன்று, தன் பொருள் பள்ளிக்கூட வாசலுக்குள் நுழையாது, எல்லோரும் ஆற்றங்கரைக்கு வரவேண்டும் என்று அவள் சொல்லி அனுப்பினாள். கரஸ்பாண்டெண்ட் குடையோடு வந்தார். கமிட்டி மொத்தமும் வந்தது. ஆசிரியைகளும் பெரிய வகுப்புப் பிள்ளைகளும் வந்தார்கள். டீச்சர் படகில் ஏறப்போகிறாள் என்று கேட்டு மயிலாப்பூரில் பாதி வந்திருந்தது. படகைத் தலையில் சுமந்து வந்து இறக்கிய மீன்காரர் தன் பங்குக்கு வாயைப் பிளந்தார். "இன்னா நைனா இது! படகா கீது? கல்யாணப் பந்தலாட்டம் கீது!"

கரஸ்பாண்டெண்ட் குனிந்து, குடைக்கம்பின் நுனியால் கோலத்தைத் தட்டிப் பார்த்தார். "அழகா இருக்கும்மா. ஆனா ஒட்டு வேலை. தண்ணி பட்டா இழை இழையாப் பிரிஞ்சுடும்" என்றார். டிராயிங் டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, ஒரு தள்ளுத் தள்ளினாள். அவ்வளவுதான், படகு வழுக்கிக்கொண்டு போயிற்று. பிள்ளைகள் போட்ட கூச்சல் சாந்தோம் கோயில்வரை கேட்டிருக்கும். அக்கரையைத் தொட்டுத் திரும்பி, அலைக்கு முகம் கொடுத்து, வலம் இடம் என்று நிதானமாகத் துடுப்புப் போட்டு அவள் வந்த வரத்து இருக்கிறதே! கரைக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு கிளிஞ்சல் படகு குறுக்கே வந்தது. சுண்ணாம்புக் காளவாய்க்குக் கிளிஞ்சல் ஏற்றிப் போகிற கனத்த படகு. அதை ஓட்டி வந்தவன் கழியைப் பிடித்தபடியே இவள் படகின் கோலத்தைப் பார்த்து நின்றுவிட்டான். தள்ள மறந்தான். நாங்கள் எல்லோரும் கத்தினோம். மடாரென்று மோதியது. எங்கள் படகு குப்புறக் கவிழ்ந்தது, அவளைக் காணோம்.

என் உயிர் என்னிடம் இல்லை. ஓடிப்போய் முழங்கால் தண்ணீரில் நின்று, தெரிந்த புனிதர்களை எல்லாம் கூப்பிட்டேன். அதற்குள் அவள் எழுந்து நின்றாள்! மார்பளவுத் தண்ணீர்தான் அங்கே. கூந்தல் அவிழ்ந்து, முகமெல்லாம் சேறு. ஆனால் கை படகை விடவில்லை. மீன்காரர் நீந்திப் போய் ஒரு பக்கம் பிடிக்க, இரண்டு பேருமாகக் கரையோரம் இழுத்து வந்து படகை நிமிர்த்தினார்கள். கிளிஞ்சல்காரன் தூரத்திலிருந்தே கும்பிட்டான். "மன்ச்சிக்க தாயே! அந்தக் கோலத்தப் பாத்துக்கினே வந்துட்டேன்!"

கரஸ்பாண்டெண்ட் குடையை என் கையில் கொடுத்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல், வேட்டி நனைய நனையத் தண்ணீரில் இறங்கினார். மோதிய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். சிவப்புக் கரையில் கட்டைவிரல் பதிகிற அளவுக்கு ஒரு நசுங்கல். அவ்வளவே. உள்ளங்கையை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒவ்வோர் இழையாகத் தடவிக்கொண்டே போனார். ஒரு நகம் நுழையவும் இடுக்கு இல்லை. பிறகு நடுவில் இரண்டு கையையும் ஊன்றி, தன் கனத்தை எல்லாம் போட்டு அழுத்தினார். கிறீச் என்றுகூடச் சத்தம் வரவில்லை. "பிரியலையே" என்றார், தனக்குத்தானே. "இவ்வளவு அலங்காரம் பண்ணியும் பிரியலையே!"

"பிரியாது சார்" என்றாள் டிராயிங் டீச்சர். பல் தந்தியடித்தது, குரல் மட்டும் இந்தத் தடவை நடுங்கவில்லை. "மேல ஒட்ட வெச்ச அலங்காரம் இல்லை அது. அந்தக் கோலத்தை எடுத்துட்டா அங்க படகே கிடையாது."

பாலம் கட்டிய மனிதர் அல்லவா, அது அவருக்குப் புரிந்தது. அவர் முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். "இதை நம்ம பொண்ணுங்களுக்குச் சொல்லித்தர முடியுமாம்மா?" என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும், போன வேலை திரும்பக் கிடைத்ததே என்று காலில் விழுந்திருப்பாள். நானே அதைத்தான் செய்திருப்பேன். இவள் முகத்தில் வழிந்த சேற்றைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "தரலாம் சார். ஆனா ரெண்டு பீரியட் போறாது. நாலு வேணும்."

கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கரஸ்பாண்டெண்ட் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "சரி, நாலு" என்றார். பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு குதித்த குதியில் நானும் நனைந்தேன். நானும்தான் குதித்தேன், மறைப்பானேன்!

புதுக் கல்வியாண்டில் டைம்டேபிள் ஒட்டினார்கள். கூடுதல் பீரியடுகளில் ஒன்றைத் தையலிலிருந்து எடுத்திருந்தார்கள். இன்னொன்று எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? என் பூகோளத்திலிருந்து! வெள்ளிக்கிழமை கடைசி மணி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரே அவள் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவள் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். இப்போது அடையாற்றுப் பாலத்தின்மேல் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் இடம் பிடித்து அந்த ஆற்றைப் பார்க்கிறேன். தண்ணீர் கறுத்துப்போய்விட்டது, அங்கே இப்போது யாரும் இறங்கமாட்டார்கள். எனக்கு வருத்தம் வருவதில்லை. அந்த முதல் வெள்ளிக்கிழமைதான் நினைவுக்கு வருகிறது. மணி அடித்தது. எனக்கு வகுப்பு இல்லை. வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. டிராயிங் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன், இழைப்புளியைக் கையில் வாங்கிக்கொண்டு.